நித்யாவுக்கு ஜாதகம் தெரியாது

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு எங்கள் மங்கல வாசல் திருமண தகவல் மையத்தில் ஈ ஓட்டும் வேலைதான். கோவில்பட்டியில் ஆடியில் வரன் பேச யாரும் படியேற மாட்டார்கள். அதனால்தான் முதலாளி தங்கபுஷ்பம் அக்கா இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆவணி ஒன்றாம் தேதியிலிருந்து வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் எங்கள் இணையதளத்திலும் வருகிற கேள்விகளுக்கு ஒரு சாட்பாட் பதில் சொல்லும். அதற்குப் பேசக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. பன்னிரண்டு வருடமாக அந்தப் பதில்களைச் சொல்வது நான்தான் என்பதால் வேறு ஆள் தேட வேண்டியதில்லை என்றார். அப்புறம் எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். அதைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றார்.

சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து ரெஜினா என்ற பெண் போனில் பேசினாள். நாகர்கோவில்காரி. முதலில் சாட்பாட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமாம். அக்கா செண்பகவல்லி என்றார், ஊர் அம்மன் பெயர். அது என் பெயரும்கூட. ஜனங்கள் சாட்பாட்டை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், சாமி பெயர் வேண்டாம் என்று ரெஜினா சொல்லவும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் நித்யா என்று முடிவாயிற்று. பன்னிரண்டு வருடமாக நான் வாங்கிய திட்டுகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஜனங்கள் கேட்கும் விதங்களை இன்று முழுக்க எழுதினேன். "என் வரன் என்ன ஆயிற்று" என்ற ஒரே கேள்வியை நாற்பத்திமூன்று விதமாகக் கேட்கிறார்கள். நல்ல சேதி உண்டுமா என்பது ஒரு விதம். வெறும் கேள்விக்குறி இன்னொரு விதம். காலையில் ரோஜாப்பூப் படத்துடன் குட்மார்னிங் அனுப்புவதும் அந்தக் கேள்விதான் என்பதை ரெஜினாவுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அதைவிடக் கஷ்டம், மறுப்பைச் சொல்லும் முறை. எங்கள் தொழிலில் "பிடிக்கவில்லை" என்ற வார்த்தையே கிடையாது. பெண் நிறம் கம்மி, பையன் குடிக்கிறான், மாமியார் வாய்க்காரி, எதுவாக இருந்தாலும் வெளியே சொல்வது ஒன்றுதான்: ஜாதகம் பொருந்தவில்லை. கேட்பவர்களும் அப்படியா சரி என்று போய்விடுவார்கள். இரண்டு பக்கமும் மானம் மிஞ்சும். பழியைக் கிரகங்கள் மேல் போட்டால் அவை சண்டைக்கு வருவதில்லை.

ரெஜினா சிரித்தாள். "எங்க சபையில ஜாதகம் கிடையாதுல்லா. 'ஜெபத்துல பதில் வரல்ல'ம்பாவ" என்றாள்.

ஜூலை 22, திங்கள்

பதிவு விவரங்களை ஏற்றினேன். ஆண்களுக்கு ஆ, பெண்களுக்கு பெ என்று தொடங்கி எண் வரும். பெ-417 நான்தான். வயது முப்பத்தொன்பது. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த மாதமே அப்பா வந்து பதிவு செய்தார். சம்பளமும் வரனும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று அப்போது அம்மா கேலி செய்தாள். பாதிதான் பலித்தது.

பெ-417க்கு ஆனிக் கடைசியில் ஒரு வரன் வந்திருக்கிறது. ஆ-1102. பெயர் நெல்லையப்பன், நாற்பத்திரண்டு வயது, கயத்தாறு மாட்டு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். எல்லோரும் ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ அனுப்புவார்கள். இவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எடுத்திருக்கிறார். ஓரத்தில் ஒரு ஆட்டின் பாதி தெரிகிறது. எனக்குப் பிடித்திருந்தது. ஆடி கழிந்து பதில் சொல்வதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

இதற்கு முன் ஐந்து வரன்கள் வந்தன. ஐந்தும் ஜாதகத்தில் நின்றுவிட்டன. இதுவும் தட்டிப்போனால் பெ-417ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லலாம் என்றிருக்கிறேன். தினமும் அந்த எண்ணைக் கடந்துதான் பெ-418க்குப் போக வேண்டியிருக்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

ரேஷனில் பருப்பு வரவில்லை. நாளை வரச் சொன்னார்கள்.

ஜூலை 26, வெள்ளி

அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு வரனும் உண்மையில் ஏன் தட்டிப்போனது என்று சிவப்பு மையில் எழுதிவைப்பார். ஜாதகம் என்று யாராவது சொன்னால் அக்கா அப்படியே விடமாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, "அது ஊருக்கு. எனக்குச் சொல்லுங்க" என்பார். உண்மை தெரிந்தால்தானே அடுத்த வரனை ஒழுங்காகக் காட்ட முடியும். அந்த நோட்டை வேறு யாரும் பார்த்ததில்லை.

அந்த உண்மைக் காரணங்களெல்லாம் இருந்தால் யாருக்கு யார் ஒத்துவருவார்கள் என்று நித்யாவே கண்டுபிடித்துவிடும் என்று ரெஜினா சொன்னாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்திரண்டு வருட நோட்டுகளையும் டைப் அடிக்கக் கொடுத்தார். என்னிடம் இல்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டிடிபி கடையில். உனக்கு எதற்கு வேலைச் சுமை என்றார். பன்னிரண்டு வருடத்தில் என் வேலைச் சுமையைப் பற்றி அவர் பேசியது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 31, புதன்

டிடிபி கடையிலிருந்து பைல் நேராக ரெஜினாவுக்குப் போய்விட்டது. ஏற்றி முடித்துவிட்டாளாம். இனிமேல் சிவப்பு நோட்டு எழுதும் வேலையையும் நித்யாவே செய்யும். யாராவது ஒரு வரனை வேண்டாம் என்றால், ரகசியமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு உண்மையான காரணத்தைக் கேட்க வேண்டும். ஜாதகம் என்றால் மறுபடி கேட்க வேண்டும். அக்கா கேட்பதைப் போலவே கேட்பதற்கு நான் வாசகங்கள் எழுதினேன். "அது ஊருக்கு" என்பதை மட்டும் எழுதவில்லை.

மாலையில் அப்பா பேண்ட்டில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயதில் தன் துணியைத் தானே துவைத்து, காலை டிபனையும் அவரே செய்கிறார். மாதம் ஒரு முறை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எங்கள் ஆபீசுக்கு வந்து அக்காவிடம் என் வரன் பற்றிப் பேசிவிட்டுப் போவார். இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைக்கும் என்று காத்திருக்கும் மற்ற அப்பாக்களே சொல்வார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தெரிந்த பத்துக் குடும்பங்களுக்கு மட்டும் நித்யாவைத் திறந்துவிட்டோம். சோதனை ஓட்டம். ஒன்பது பேர் ரோஜாப்பூ அனுப்பினார்கள். நித்யா ஒன்பது பேருக்கும் நிலவரம் சொன்னாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பத்தாவது குடும்பம் பேச்சியம்மாள். மகனுக்கு ஏழு வருடமாகப் பெண் தேடுகிறார். நேற்று நித்யாவிடம் நிலவரம் கேட்டிருக்கிறார். ஜாதகம் பொருந்தவில்லை என்று நித்யா ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் விடாமல் "ஏன்" என்று கேட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால் "காரணம்" என்ற கட்டத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்று ரெஜினா இணைத்துவைத்திருக்கிறாள். அவள் செய்தது தப்பு என்று சொல்ல முடியாது. உலகத்தில் வேறு எங்கும் அதுதான் சரி. காரணம் என்று தலைப்புப் போட்ட கட்டத்தில் யாருக்கும் சொல்லக்கூடாத ஒன்று இருக்கும் என்று எங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

நித்யா சொன்ன பதில்: "பிள்ளையின் தாயார் யாரையும் பேச விடமாட்டார் என்று மூன்று வீட்டாரும் தெரிவித்துள்ளனர்."

இன்று காலை ஆபீஸ் திறந்ததும் வந்தார். ஒரு மணி நேரம் பேசினார். எங்கள் யாரையும் பேச விடவில்லை.

அக்கா வெளிறிப்போய்விட்டார். அந்தக் கட்டத்தை யாரும் பார்க்க முடியாதபடி நாளைக்குள் மூடு என்றார். ரெஜினாவைக் கொண்டே மூடச் சொல், நீ அதில் தலையிடாதே என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ரெஜினாவுக்குக் காய்ச்சல். வழியைப் போனில் சொன்னாள். காரணம் என்ற கட்டத்துக்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதும். எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, எடுத்த பிறகு ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனைக்கு ஒரு பதிவு எண் தேவை. பெ-417 கொடுத்தேன். ஏன் என்று கேட்டேன்.

நித்யா ஆறு பதில் தந்தாள்.

2013: பெண் நிறம் கம்மி என்று பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றனர்.

2014: பெண் வேலையை விடமாட்டாள் என்பதால் பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றனர்.

2016: பிள்ளை வீட்டார் சம்மதம். பெண்ணின் தகப்பனார் வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. ஜாதகம் என்று சொல்லச் சொன்னார்.

2019: மேற்படி.

2022: மேற்படி.

2024 ஜூலை 14: ஆ-1102, பிள்ளை வீட்டார் சம்மதம். ஆடி கழிந்ததும் ஜாதகம் என்று சொல்லிவிடும்படி தகப்பனார் கேட்டுக்கொண்டார்.

அம்மா இறந்தது 2015.

டிக்கை எடுத்தேன். மறுபடி சோதித்தேன். "ஜாதகம் பொருந்தவில்லை" என்று மட்டும் வந்தது. வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

கத்தரிக்காய் அரைக் கிலோ வாங்கினேன். முக்கால்வாசி சொத்தை.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று காலை இட்லிக்கு அப்பா மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது கோபம் வந்தது. முந்தாநாள் வரவில்லை, நேற்றும் வரவில்லை. அவர் எனக்கு நாலும் தனக்கு மூன்றும் என்று எண்ணி ஊற்றினார், வழக்கம்போல. சாப்பிடாமல் ஆபீசுக்கு வந்துவிட்டேன்.

அக்காவிடம் கேட்டேன். மறைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பதிவு பண்ணுனது ஒங்க அப்பா. பதில் சொல்றதும் அவுகதான். நம்ம ஆபீஸ் முறை ஒனக்குத் தெரியாததா? மனசு கேக்காமத்தான் நோட்டுல எழுதி வச்சேன்."

தெரியாததில்லை. எத்தனை பெண்கள் தாங்களே போன் செய்து கேட்டிருக்கிறார்கள். "அப்பாவைப் பேசச் சொல்லும்மா" என்று சொல்லி வைத்தது நான்தான். அந்தப் பெண்களின் பெயர்கள்கூட எனக்கு நினைவில்லை. இது தெரிந்தபோது அக்காவைத் திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. எனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஆ-1102இன் ஜாதக நகல் கவரில் அப்படியே இருக்கிறது. யாரும் வாங்கிப் போகவே இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

இரவுச் சாப்பாட்டின்போது கயத்தாறு வரனைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். ஆடி கழியட்டும் என்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்திருக்கிறது என்றேன். இதற்கு முன் எந்த வரனைப் பற்றியும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் மோரை ஊற்றிக்கொண்டார். ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினார். ஜாதகம் எப்படி அமைகிறதோ பார்ப்போம் என்றார்.

தானாகச் சொல்லிவிடுவாரா என்று காத்திருக்கிறேன். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கயத்தாறுக்குப் போன் செய்தேன். பன்னிரண்டு வருடத்தில் நான் மீறிய முதல் ஆபீஸ் விதி. பின்னால் ஒரு ஆடு கத்திக்கொண்டிருந்தது. பெ-417 பேசுகிறேன் என்றேன், பதற்றத்தில். அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"ஆடியில பேசலாமாங்க?" என்றார்.

"பேசலாம். பேசி முடிக்கத்தான் கூடாது."

"ஆவணியில சொல்லுதேன்னு ஒங்க அப்பா சொன்னாவளே."

"நான் இப்பவே சொல்றேன். எனக்குச் சம்மதம்."

ஆட்டை யாரையோ பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, தனக்கு இதற்கு முன் நாலு இடத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்றும், தன் அக்கா குடும்பத்தோடு ஆவணி இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்றும் கேட்டார். வரச் சொன்னேன். போனை வைத்த பிறகு என் முகத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பதிவுப் படிவத்தில் "பதிவு செய்பவர்" என்ற கேள்விக்குத் தந்தை, தாய், உறவினர் என்று மூன்று பொத்தான்கள்தான் இருந்தன. நான்காவதாக "நானே" என்று ஒன்று சேர்த்தேன். எந்தப் பெண் அதை அழுத்துவாள் என்றார் அக்கா. ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

நாளையிலிருந்து எல்லாப் பதிலும் நித்யா வழியாகத்தான் என்று பெற்றோர்கள் எல்லோருக்கும் செய்தி போயிற்று. அப்பாவுக்கும் போயிற்று. சாயங்காலம் என்னிடம், அந்த மிசின் பக்கத்தில் ஆள் யாரும் இருப்பார்களா என்று விசாரித்தார். ரகசியம் என்றுதானே போட்டிருக்கிறது என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. இந்த வீட்டில் அது புதிதும் இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்தது. காலை ஒன்பதரைக்கு அக்கா சூடம் காட்டினார், நித்யா ஓடத் தொடங்கினாள். வருகிற உரையாடல்கள் என் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். தேவைப்பட்டால் நித்யாவை நிறுத்திவிட்டு நான் பேசலாம்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு அப்பா திரையில் வந்தார்.

பெ-417, வரன் ஆ-1102, வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தினார். நித்யா காரணம் கேட்டாள். ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுதினார். ஒற்றை விரலால் எழுதுகிறவர், இரண்டு நிமிடம் ஆயிற்று. நித்யா மறுபடி கேட்டாள்: இது ரகசியமாக இருக்கும், உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வயது அதிகம் என்றார். உங்கள் பதிவில் நாற்பத்தைந்து வரை சம்மதம் என்று உள்ளது, வேறு காரணம் உண்டா என்றாள். கயத்தாறு தூரம் என்றார். உங்கள் பதிவில் நூறு கிலோமீட்டர் வரை சம்மதம் என்று உள்ளது, வேறு காரணம் உண்டா என்றாள். எல்லாம் நான் எழுதிக்கொடுத்த வாசகங்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதுகிறார், நிறுத்துகிறார், எழுதுகிறார் என்று திரை காட்டியது. பிறகு வந்தது.

"அவள் போய்விட்டால் வீட்டில் பேச ஆள் இல்லை."

கொஞ்ச நேரம் கழித்து: "இதைச் சொல்ல வெட்கமாக உள்ளது."

நித்யாவுக்கு வெட்கம் தெரியாது. நன்றி, வேண்டாம் என்ற பதிலைப் பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப 1 என்று தட்டவும் என்றாள்.

அவர் தட்டக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். நாலு நிமிடம் திரை சும்மா இருந்தது. எழுந்து போய்விட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு 1 என்று வந்தது.

நித்யாவை நிறுத்தினேன். முதலில், 2016இலும் இதே வெட்கம் இருந்ததா என்று எழுதினேன். அழித்தேன். பிறகு இதை அனுப்பினேன்:

"அப்பா, நான் செண்பகம். நான் சம்மதம் சொல்லி அஞ்சு நாளாச்சு. நாளைக்குக் காலையில அவுக வீட்ல இருந்து வர்றாக. நீங்க வீட்ல இருக்கணும்."

இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை. அக்கா என் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார் என்பது அவர் மூக்கை உறிஞ்சியபோதுதான் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா சோறு வடித்து வைத்திருந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். தட்டைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எத்தன பேரு வர்றாக?"

"நாலு பேரு."

ரவை இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுப் படுக்கப் போனார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத நினைத்தேன். எதிர்பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தார்கள். நெல்லையப்பன் போட்டோவில் இருப்பதைவிட உயரம் குறைவு. அவர் அக்காவும் அத்தானும் அவர்கள் மகளும் வந்திருந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மழை, பஸ், மாட்டுக்கு வரும் கோமாரி என்று பேச்சு சுற்றியது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். இன்னமும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

காப்பி குடித்து முடித்ததும் நெல்லையப்பனின் அக்கா முறைப்படி கேட்டார். "ஜாதகம் பாத்தாச்சாய்யா?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"பாத்துட்டேன்" என்றார். "பத்துக்கு எட்டு பொருந்துது."

மூன்று பேரைத் திருப்பி அனுப்பிய அதே ஜாதகத்தைச் சொல்லித்தான் நாலாவது ஆளை உட்காரவைத்தார். பார்க்காமலே. சொல்லும்போது குரல் உடைந்தது, இருமலைப்போல ஆக்கிக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் இன்னும் போகவில்லை. அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கேசரியைத் தட்டுகளில் எடுத்துவைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.